காசி, அமிர்தசரஸ் தனிப் பயணம்: செலவும் ஏறக்கூடாது, சர்க்கரையும் ஏறக்கூடாது

எண்ணெய்ப்பரோட்டா:

வணக்கம். வயது 47, ஊர் விருதுநகர். பெயரைப் பார்த்தாலே என் வியாதி தெரிந்திருக்கும். சித்திரையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.2 வந்தது. "இன்னும் சர்க்கரை வியாதி இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறீர்கள்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து காலையில் ஐந்து கிலோமீட்டர் நடை, ராத்திரி பரோட்டா கிடையாது. ஐந்து கிலோ இறங்கியிருக்கிறது.

பிப்ரவரி முதல் வாரம் கிளம்பி 20 நாள் தனியாகப் போகலாம் என்றிருக்கிறேன். சென்னையிலிருந்து ரயிலில் காசி, அங்கிருந்து அமிர்தசரஸ். கையில் 18,000 ரூபாய். கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான்.

பயம் என்னவென்றால், போன வருடம் ஒரு வாரம் ராஜஸ்தான் போய் மூன்று கிலோ ஏற்றிக்கொண்டு வந்தேன். காசும் நின்றபாடில்லை. மலிவாகச் சாப்பிடலாம் என்றால் பூரி, சமோசா, டீ. கொஞ்சம் நல்லதாகச் சாப்பிட்டால் பர்ஸ் காலி. இரண்டையும் சேர்த்துச் சமாளித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மேல்பெர்த்:

அண்ணா, நான் திருப்பூர். பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வருடத்துக்கு ஒருமுறை 15 நாள் தனியாகக் கிளம்பிவிடுவேன். தொழில் புத்தி, டீக்காசைக்கூட நோட்டில் எழுதுவேன், நேரத்தோடு.

மூன்று பயணத்து நோட்டைப் புரட்டியபோது ஒன்று பிடிபட்டது. வீண் செலவு செய்ததும் கண்டதைத் தின்றதும் பெரும்பாலும் ஒரே நேரத்தில்தான்: புது ஊரில் இறங்கிய முதல் ஒரு மணி நேரம். பசி, தூக்கக் கலக்கம், முதுகில் மூட்டை. அந்த நிலையில் ஆட்டோக்காரர் 300 கேட்டாலும் ஏறிவிடுவோம். எதிரே வாணலியில் எது மிதந்தாலும் வாங்கிவிடுவோம். அந்த ஒரு மணி நேரத்தைக் கட்டிப்போட்டால் மீதி நாள் தானாக நடக்கும்.

அதற்கு முதல் வேலை, பை. நான் ஏழு கிலோவுக்கு மேல் எடுப்பதில்லை. 12 கிலோ தூக்கிய வருடம், இரண்டு கிலோமீட்டருக்கெல்லாம் ஆட்டோ பிடித்திருக்கிறேன். ஏழு கிலோ என்றால் நடந்தே போய்விடலாம், அதுவே உடற்பயிற்சி. மூன்று செட் துணி போதும், துவைத்தால் மறுநாள் காய்கிறது. அறை தயாராக இல்லையென்றால் ஸ்டேஷன் கிளாக் ரூமில் பையைப் போட்டுவிட்டுக் கையை வீசி நடக்கலாம். உறுதியான டிக்கெட் இருந்தால் அந்த பிஎன்ஆர் எண்ணை வைத்து ரயில்வேயின் தங்கும் அறையோ டார்மிட்டரியோ முன்பதிவு செய்யலாம். குளித்துப் படுக்க அது போதும்.

இரண்டாவது, இறங்குவதற்கு முன்பே ரயிலில் சாப்பிட்டுவிடுவது. பசி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் போனால் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். முதல் நாளுக்கு எண்ணெய் விட்டுப் பிசைந்த பொடி இட்லி. அப்புறம் வறுத்த கடலை, நிலக்கடலை, வழியில் கொய்யா. ஸ்டேஷனில் 20 ரூபாய்க்குப் பூரிப் பொட்டலம் கிடைக்கும். மலிவுதான், ஆனால் உங்களுக்கு வேண்டாம்.

காசி போனதும் உங்கள் பிரச்சினைக்கு அங்கேயே மருந்து இருக்கிறது: "சத்து" என்று ஒன்று விற்பார்கள். வறுத்த கடலையின் மாவு, நம் பொட்டுக்கடலை மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். தண்ணீரில் கரைத்து உப்பு, எலுமிச்சை, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுத் தள்ளுவண்டியில் கொடுப்பார்கள். 100 கிராம் மாவில் 20 கிராம் அளவுக்குப் புரதம். சர்க்கரை போட்டும் தருவார்கள், அதனால் "நமக்வாலா" (உப்புப் போட்டது) என்று சொல்லிவிடுங்கள். நான் அரைக் கிலோ மாவு வாங்கிப் பையிலேயே வைத்துக்கொள்வேன். ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன், முடிந்தது காலை உணவு. கச்சோரி ஜிலேபி சாப்பிடாமல் காசியிலிருந்து திரும்பக்கூடாதுதான். ஒரு நாள் சாப்பிடுங்கள், நடந்து முடித்த பிறகு.

நடை என்றால் காசியைப் போல ஊர் கிடையாது. அஸ்ஸி காட் படித்துறையில் விடியும் முன்பே ஆரத்தி, அது முடிந்ததும் யோகா, காசு கிடையாது. அங்கிருந்து ராஜ் காட் வரை ஆற்றோரமாகவே ஆறு கிலோமீட்டருக்கு மேல், 80க்கும் அதிகமான படித்துறைகள். வழியில் அனுமன் காட் வரும், பாரதி இளவயதில் இருந்த இடம். அங்கே தமிழ் காதில் விழும். நான் நாலைந்து துறைக்கு ஒருமுறை மேலே ஏறி இறங்குவேன். செங்குத்தான படி அண்ணா, ஜிம்முக்குக் கட்டிய பணம் ஞாபகம் வந்து வயிறு எரியும். ஆடி, ஆவணியில் போனால் கங்கை ஏறி இந்தப் பாதையே மூழ்கிக் கிடக்கும். பிப்ரவரி நல்ல நேரம்.

ஒன்று மட்டும், இருட்டிய பிறகு நான் ஆட்டோ காசை மிச்சம் பிடிப்பதில்லை. அந்தச் செலவை நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுவேன், மனசு உறுத்தக்கூடாது என்று.

தட்டுகழுவி:

அக்கா காசியைச் சொல்லிவிட்டார், நான் அமிர்தசரஸ். பொற்கோயில் லங்கரில் (அன்னதானக் கூடம்) 24 மணி நேரமும் சாப்பாடு, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தலையை மூடிக்கொண்டு தரையில் உட்கார வேண்டும், ரொட்டியை இரண்டு கையும் ஏந்தி வாங்க வேண்டும். ரொட்டியும் பருப்பும் உங்களுக்குச் சரி. கீர் வரும்போது கையை மடக்கிக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது கொடுக்கும் அல்வா பிரசாதத்தில் நெய்யும் சர்க்கரையும் வழியும், துளி எடுத்துக்கொண்டால் போதும்.

தங்குவதற்குக் கோயிலின் சராய்கள் (விடுதிகள்) உண்டு, பொதுவாக மூன்று நாளுக்கு மேல் விடுவதில்லை. ஆனால் இலவச மெஸ் என்று நினைத்துப் போகாதீர்கள் சார். உண்டியலில் போடுங்கள், இல்லாவிட்டால் பாத்திரம் கழுவுங்கள். நான் இரண்டு மணி நேரம் நின்று தட்டு கழுவினேன். மறுநாள் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. அங்கே பக்கத்தில் நின்று கழுவிய பெரியவருக்கு எழுபது வயது இருக்கும், பேசிக்கொண்டே கழுவிக்கொண்டிருந்தார்.

கூட்ஸ்வண்டி:

மேல்பெர்த் அம்மா சொன்ன கணக்கில் ஒரு ஓட்டை. பிப்ரவரி முதல் வாரத்திலும் வடக்கே பனிமூட்டம் இருக்கும். ரயில் நாலு மணி நேரம், ஆறு மணி நேரம் தாமதமாவது சகஜம். காலையில் இறங்கலாம் என்று போட்ட திட்டம் மத்தியானம் ஆகிவிடும். கடலையும் தீர்ந்திருக்கும், அப்புறம் அதே பூரிதான். பதினைந்து நாள் தள்ளிக் கிளம்ப முடியுமா பாருங்கள். கம்பளிச் சுமையும் குறையும்.

மேல்பெர்த்:

உண்மைதான். நான் எப்போதும் பிப்ரவரி கடைசியில்தான் போயிருக்கிறேன், எழுதும்போது தோன்றவில்லை. முன்னால் கிளம்பினால் ஒரு வேளைக்கான கடலை கூடுதலாக வையுங்கள்.

எண்ணெய்ப்பரோட்டா:

எல்லோருக்கும் நன்றி. தேதியை 20க்கு மாற்றிவிட்டேன். நேற்று ராத்திரி பையைக் கட்டி, கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 11.4 கிலோ. பிரித்தால், அடியில் மனைவி இரண்டு கிலோ முறுக்கும் அதிரசமும் வைத்திருக்கிறாள், "வழியில் எதுவும் கிடைக்காது" என்று. இதை வெளியே எடுத்து வைக்கும் வழியை யாராவது சொன்னால் புண்ணியம்.