எண்ணெய் ஸ்பிரே அடித்த மறுநாளே செயின் சத்தம் திரும்பி வருகிறது – எதைப் போடுவது, எப்படிப் போடுவது?

மண்சாலை (கேட்டவர்):
வணக்கம் நண்பர்களே. 150 சிசி பைக், 18,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஓ-ரிங் (மூட்டுகளில் ரப்பர் வளையம்) வைத்த 428 அளவு செயின், வண்டியோடு வந்ததுதான். இரண்டு மாதமாக மெதுவாகப் போகும்போது 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். செயின் காய்ந்துவிட்டது என்று நினைத்து ஸ்பிரே வாங்கி அடித்தேன். அன்று மாலை வரை அமைதி, மறுநாள் அதே சத்தம். இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை அடிக்கிறேன். செயின் முழுக்கக் கறுப்பாகக் களிம்பு அப்பியிருக்கிறது, பின்பக்க ரிம்மில் கோடு கோடாகத் தெறித்திருக்கிறது. 90 கியர் ஆயில் (90 என்பது கெட்டித்தன்மை எண்) போடு என்கிறார் ஒருவர். கிரீஸ் தடவினால் ஆறு மாதம் கவலையில்லை என்கிறார் இன்னொருவர். பழைய இன்ஜின் ஆயிலே போதும் என்பவரும் உண்டு. யார் சொல்வதைக் கேட்பது?

பல்சக்கரம்:
எண்ணெய் விஷயத்துக்கு அப்புறம் வருவோம். முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில், இன்ஜினை அணைத்து, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கண்ணியின் வெளித்தகட்டைத் துடைத்து வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள் (களிம்புக்கு மேல் சாக்பீஸ் பிடிக்காது). டயரிலும் ஒரு அடையாளம்.

சக்கரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் சத்தம் வந்தால் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டி ஓடும் பல் வைத்த சக்கரம்), ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பேரிங் பக்கம் சந்தேகப்பட வேண்டும். செயின் ஒரு முழுச் சுற்று வரும்போது மட்டும் வந்தால் கோளாறு செயினில்தான். செயினில் 130 கண்ணி, பின் ஸ்ப்ராக்கெட்டில் 43 பல் என்றால் சக்கரம் ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றினால்தான் செயின் ஒரு சுற்று வரும். உங்கள் வண்டியில் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். இந்த ஸ்பிரேக்கு முன்னால் செயினை எதை வைத்துக் கழுவினீர்கள்?

மழைப்பயணி:
தம்பி, சக்கரத்தைக் கையால்தான் சுற்றணும். ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் கியரில் இன்ஜினை ஓடவிட்டு ஸ்பிரே அடிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். துணி ஒரு நூல் மாட்டினாப் போதும், விரலையும் சேர்த்து ஸ்ப்ராக்கெட்டுக்குள்ள இழுத்துடும். அப்படி விரல் நுனியை இழந்தவர் ஒருத்தர் எனக்கு ரொம்ப வேண்டியவர். தயவுசெஞ்சு செய்யாதீங்க.

மண்சாலை:
நன்றி அண்ணா, கையால்தான் சுற்றினேன். பல்சக்கரம் சொன்னது சரி, செயின் சுற்றுக்கு ஒரு தடவைதான் சத்தம், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்.

கழுவியது... போன மழைக்காலம் முடிந்ததும் பெட்ரோல் ஊற்றி இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. தப்பா?

பல்சக்கரம்:
வருத்தமான செய்திதான், இருந்தாலும் விவரமாகச் சொல்கிறேன், அடுத்த செயினுக்கு உதவும்.

ஒவ்வொரு கண்ணியின் மூட்டிலும் ஒரு பின் இருக்கிறது. அதைச் சுற்றி புஷ் என்ற சிறு குழாய், புஷ்ஷுக்கு மேல் உருளும் ரோலர். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே செயின் செய்யும்போதே கிரீஸ் வைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் போட்டு மூடிவிடுகிறார்கள். அந்த வளையம்தான் ஓ-ரிங். உள்ளே இருக்கும் கிரீஸ் செயினின் ஆயுள் முழுக்க வர வேண்டியது. வெளியிலிருந்து எதைப் போட்டாலும் அந்த இடத்துக்குப் போகாது. நாம் போடுகிற எண்ணெய்க்கு மூன்று வேலைகள்தான்: ரோலருக்கும் ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் நடுவில் உராய்வைக் குறைப்பது, ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்காமல் பார்ப்பது, துரு வராமல் தடுப்பது.

பெட்ரோல் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். கம்பி பிரஷ் கிழிக்கும். வளையம் போனால் உள்ளே இருக்கிற கிரீஸ் வெளியேறி, தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். அந்த மூட்டு விறைத்துக்கொள்ளும். ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி வளைந்து வந்த பிறகும் நிமிராமல் கூனிக்கொண்டு நிற்கும், அதுதான் 'டக்'. ஸ்பிரே அடித்தால் ஒரு நாள் அடங்குவதும் மறுநாள் திரும்புவதும் அதனால்தான்.

செயினைச் சுத்தமாகக் கழுவிப் பாருங்கள். மண்ணெண்ணெய், மென்மையான நைலான் பிரஷ், துடைக்கப் பழைய பனியன், இவை போதும். ஊறவைக்க வேண்டாம், தேய்த்ததும் துடைத்துவிடுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், அந்த அழுத்தம் வளையத்தைத் தாண்டி நீரை உள்ளே தள்ளும். கழுவிய பிறகு ஒவ்வொரு கண்ணியாக விரலால் மடக்கிப் பாருங்கள்.

மழைப்பயணி:
எண்ணெய் பத்தி நான் சொல்றேன். கிரீஸ் வேண்டாம். அது கெட்டி, ரோலருக்குள்ள இறங்காது, மேலேயே உட்கார்ந்து மண்ணைப் பிடிச்சு வைக்கும். கிரீஸும் மணலும் சேர்ந்தா உப்புத்தாள் மாதிரி அரைக்கும். உங்க செயின்ல இருக்கிற கறுப்புக் களிம்பும் அதே கதைதான், போட்டதுக்கு மேலயே போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. பழைய இன்ஜின் ஆயில்ல உலோகத் தூளும் அமிலமும் கலந்திருக்கும், அதை ஏன் காசு போட்டு வாங்கின செயின்ல ஊத்தணும்?

எனக்கு ஒத்துவந்தது ஒட்டும் தன்மையுள்ள செயின் ஸ்பிரே. தினமும் மழையில ஓட்டுறேன், கியர் ஆயில் ரெண்டு மழைக்குத் தாங்காது.

பல்சக்கரம்:
மழைக்கு நீங்கள் சொல்வது சரி. புழுதிச் சாலைக்கு அதே ஒட்டும் ஸ்பிரேதான் எதிரி. அங்கே மெழுகு வகை ஸ்பிரேயோ 80 அல்லது 90 கியர் ஆயிலோ நல்லது. பல வண்டிகளின் மேனுவலில் கியர் ஆயிலைத்தான் சொல்லியிருப்பார்கள். கியர் ஆயில் தெறிக்கும், அழுக்கையும் தன்னோடு எடுத்துக்கொண்டு வெளியேறும். நான் அதைக் குறையாக நினைப்பதில்லை, அடிக்கடி போடப் பொறுமை இருந்தால் போதும். ஸ்பிரேயாக இருந்தால் டப்பாவில் ஓ-ரிங் செயினுக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

எதைப் போட்டாலும் போடும் விதம் ஒன்றுதான். வண்டி ஓடி வந்து செயின் கதகதப்பாக இருக்கும்போது போடுங்கள். மேலேயிருந்து அடிக்காதீர்கள். கீழ்ப்பக்கம் ஓடும் செயினின் உள்முகத்தில், அதாவது பல் வந்து பதியும் பக்கத்தில் போட்டால், சுற்றும்போது எண்ணெய் தானாக வெளிப்பக்கம் வரும். உள்தகடும் வெளித்தகடும் சேரும் இடுக்கில் ஒரு சுற்று, எதிர்ப்பக்க இடுக்கில் ஒரு சுற்று, நடுவில் ரோலர் மேல் ஒரு சுற்று. டயரையும் டிஸ்க்கையும் ஓர் அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள், டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் வெளித்தகட்டில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டதுதான் உங்கள் ரிம்மில் கோடாக விழுந்திருக்கிறது. 500 கி.மீ.க்கு ஒரு முறை, நல்ல மழையில் நனைந்தால் அன்றே.

மண்சாலை:
கழுவிவிட்டேன். மண்ணெண்ணெய் தார் மாதிரி ஆகிவிட்டது. மடக்கிப் பார்த்ததில் அடுத்தடுத்து நான்கு கண்ணிகள் கூனிக்கொண்டு நிற்கின்றன. நிமிர்த்தினால் மணல் அரைபடுவது விரலில் தெரிகிறது, மூட்டைச் சுற்றிச் செம்பழுப்பாகத் தூள். இரண்டு இடத்தில் ரப்பர் வளையமே இல்லை.

தொங்கலும் (செயின் நடுவில் மேலும் கீழும் ஆடும் அளவு) அளந்தேன். ஒரு இடத்தில் 15 மி.மீ., சக்கரத்தைச் சுற்றினால் இன்னொரு இடத்தில் 40. சராசரி பார்த்து டைட் வைக்கலாமா?

பல்சக்கரம்:
சராசரி கூடாது. தொங்கலை எப்போதும் செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் ஏறிக் குழியில் இறங்கும்போது கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கை அந்த இடம் இழுக்கும்.

அந்தச் செம்பழுப்புத் தூள், உள்ளே கிரீஸ் இல்லாமல் பின் உரசித் தேய்ந்து வந்த துரு. கடைசியாக ஒன்று: செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணி நீளம் அளந்து சொல்லுங்கள், முதல் பின்னின் நடுவிலிருந்து 21-வது பின்னின் நடுவரை. 428-ல் ஒரு கண்ணி 12.7 மி.மீ., புதிதில் 254 வர வேண்டும்.

மண்சாலை:
ஒரு பக்கம் 256. கூன் விழுந்த பகுதியில் 259.

பல்சக்கரம்:
புதிதைவிட 2 சதவீதம் நீண்டிருக்கிறது. மாற்றிவிடுங்கள், இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து. தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும்.

மண்சாலை:
மூன்றும் மாற்றியாயிற்று. சத்தம் சுத்தமாக இல்லை. பெட்ரோலை நினைத்தால்தான் மனசு அடித்துக்கொள்கிறது. புதுச் செயின் மேல் பிசுபிசுவென்று ஒரு கிரீஸ் இருக்கிறதே, அதைக் கழுவிவிட்டு 90 ஆயில் போடவா?

பல்சக்கரம்:
கழுவாதீர்கள். அது செயின் செய்தவர்களே போட்டது. வெளித்தகட்டை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள், 500 கி.மீ. வாக்கில் உங்கள் ஆயிலைத் தொடங்கலாம். அதற்குள் செயின் கொஞ்சம் தளர்ந்திருக்கும், தொங்கலையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மழைப்பயணி:
ரெண்டு முனையையும் சேர்க்கிற இடத்துல கிளிப் வச்ச செயினா தம்பி? கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்த்து இருக்கணும். இன்னைக்கே குனிஞ்சு ஒரு தடவை பார்த்துடுங்க.

மண்சாலை:
பார்த்தேன் அண்ணா, சரியாகத்தான் இருக்கிறது.