கலைச்சொல் வேண்டுகோள்: பழைய மோட்டார் சைக்கிளின் ‘சோக்கு’

அன்புடையீர், வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான வண்டிப் பழுதறிதல் பாடமொன்றைத் தமிழாக்கி வருகிறேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் பொருத்திய பழைய மோட்டார் சைக்கிள் கிளம்ப அடம்பிடித்தால் காரணத்தை எந்த வரிசையில் தேடுவது என்பதே நான் இப்போது நிற்கும் இயல். அடுத்த வாரம் படியை ஒப்படைத்தாக வேண்டும். மிதவை, பொறிச்செருகி (ஸ்பார்க் பிளக்), வால்வு இடைவெளி என்று மற்றவற்றுக்கு ஏதோ ஒரு சொல் அமைந்துவிட்டது; ‘சோக்கு’ மட்டும் வழிமறிக்கிறது. இயந்திரம் குளிர்ந்திருக்கையில் பெட்ரோலில் எளிதாக ஆவியாகும் பகுதி மட்டுமே ஆவியாகும் என்பதால், வழக்கத்தைவிடப் பெட்ரோல் மிகுந்த கலவையைக் கொடுத்தால்தான் பற்றிக்கொள்ளும். அந்த மிகுதியைத் தருவது சோக்கு. காற்றுவழியை அடைப்பதால் ‘அடைப்பான்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். அதைவிட நல்ல சொல் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

*

ஐயா, ‘அடைப்பான்’ வேண்டவே வேண்டாம். அது கால்நடைகளுக்கு வரும் ஆந்த்ராக்ஸ் நோய்க்கு நிலைபெற்றுவிட்ட பெயர். ‘அடைப்பானைச் சோதிக்கவும்’ என்று படிக்கும் மாணவன் மாட்டு மருத்துவரைத் தேடிப் போவான்.

‘வளியொடுக்கி’ என்பது என் பரிந்துரை. ஒடுங்கு தன்வினை, ஒடுக்கு பிறவினை, அதன்மேல் இகர விகுதி; இலக்கணத்தில் குறை காண முடியாது. ‘வளி’யோ சங்க காலம் முதல் வழங்குவது. ‘மிகினும் குறையினும் நோய்செய்யும் நூலோர் வளிமுதலா எண்ணிய மூன்று’ என்ற 941ஆம் குறளை இங்கே எண்ணிப் பாருங்கள். உடலுக்கு வளி, பித்தம், ஐ என்னும் மூன்று. இயந்திரத்துக்குக் காற்று, தீப்பொறி, பெட்ரோல் என்னும் மூன்று. பித்தம் வெம்மை, ஆகவே அது தீப்பொறி. ஐ என்பது கபம், நீர்மை, ஆகவே அது பெட்ரோல். வண்டி கிளம்பாமைக்கு இந்த மூன்றில் ஒன்று மிகுந்ததோ குறைந்ததோதானே காரணம்? பாடத்தின் முகப்பிலேயே இக்குறளை இடலாம் என்பேன்.

*

குறளை முகப்பில் இடுவதில் எனக்கு மறுப்பில்லை. இயந்திர அமுக்கத்தை (கம்ப்ரஷன்) மூன்றில் எதில் சேர்ப்பது என்பதை மட்டும் பரிமேலழகரிடம் கேட்டுச் சொல்லுங்கள். பட்டறையில் இருப்பவன் என்ற முறையில் என் கவலை வேறு. ‘அடைப்பான்’, ‘வளியொடுக்கி’ ஆகிய இரண்டும் பொருளிலேயே பிழையானவை, ஏனெனில் பழைய வண்டிகள் பலவற்றில் சோக்கு என்று நாம் இழுக்கும் நெம்பு காற்றை அடைப்பதே இல்லை.

மிக்குனி வி.எம். வகைக் கார்புரேட்டரில் அந்த நெம்பு ஒரு சிறு உலக்கையை (பிளஞ்சர்) தூக்குகிறது. அது பெட்ரோலுக்கென்று தனியாக அமைந்த வழியைத் திறந்துவிடுகிறது. அந்த வழியில் பெட்ரோல் ஏறுவதற்கு இயந்திரத்தின் உறிஞ்சல் முழுமையாக வேண்டும். ஆக்சிலேட்டரைத் திருகினால் உறிஞ்சல் தளர்ந்து, சோக்கு இழுத்தும் இழுக்காததுபோல் ஆகிவிடும். சோக்கை இழுத்துக்கொண்டே ஆக்சிலேட்டரையும் முறுக்கி உதைத்துக் களைத்துப்போகிறவர்களைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறேன். ‘வளியொடுக்கி’ என்று படித்த மாணவன் காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு அங்கே காற்றை அடைக்கும் மூடித்தகட்டைத் தேடுவான். இல்லாததைக் கண்டு உடைந்து விழுந்துவிட்டது என்று எழுதுவான்.

பழுதும் தலைகீழாகும். அந்த உலக்கையின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால், நெம்பை இறக்கிய பிறகும் பெட்ரோல் கசிந்துகொண்டே இருக்கும். குளிரில் ஒரே உதையில் கிளம்பும் வண்டி, சூடானபின் நிறுத்தினால் கிளம்பாது. மாறாக, நெடுநாள் நின்ற வண்டியில் பெட்ரோல் பிசினாகி அந்தச் சிறுவழியை அடைத்திருந்தால், குளிரில் திணறும், ஒருமுறை சூடாகிவிட்டால் ஒழுங்காக ஓடும். பொறிச்செருகியைக் கழற்றிப் பார்த்தால் முதலாவதில் முனை கறுத்து, பெட்ரோல் நாற்றத்துடன் நனைந்திருக்கும். இரண்டாவதில் பலமுறை உதைத்த பிறகும் உலர்ந்தே இருக்கும். நனைந்திருந்தும் கறுப்பில்லை என்றால் தீப்பொறி தரும் காயில், கண்டன்சர், பாயிண்ட் பக்கம் போக வேண்டும். ஆகவே செயலை வைத்துச் ‘செறிவூட்டி’ என்று சொல்லுங்கள். அடைப்பதானாலும் திறப்பதானாலும் பொருந்தும்.

*

‘சோக்கு’ என்றே வைத்துக்கொண்டால் என்ன குடிமுழுகிவிடும்? தொல்காப்பியர் மொழிமுதலில் விலக்கியவை ச, சை, சௌ என்ற மூன்றுதான், ‘சோ’வுக்குத் தடையில்லை. ஈறோ பாக்கு, நாக்கு போல வன்தொடர்க் குற்றியலுகரம். இதைவிடத் தமிழ் மேனி வாய்த்த கடன்சொல் கிடைப்பது அரிது. ‘சோக்கா இருக்கு’ என்று பேச்சில் புகழ்வது வேறு மூலம் என்றாலும், காதுக்கு அந்நியமாகவும் இராது. மாணவன் நாளை பட்டறைக்குப் போய்ச் ‘செறிவூட்டியை இழுங்கள்’ என்றால் யார் இழுப்பார்கள்?

*

ஒலி பொருந்துவதாலேயே சொல் தமிழாகிவிடும் என்றால், பிறகு இந்தக் கலைச்சொல் குழு எதற்கு? இன்று பட்டறைக்குத் தெரியாது என்பதால் ஒரு சொல்லை ஒதுக்கினால், பாடநூல் என்றைக்கும் பட்டறையின் பின்னாலேயே நடக்கும். ‘மின்னஞ்சல்’ வந்தபோதும் இதே பேச்சைத்தான் கேட்டோம். நான் பரிந்துரைத்த வளியொடுக்கி சில கார்புரேட்டர்களுக்குப் பொருந்தாது என்பதை மட்டும் ஏற்கிறேன்.

*

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். பெரும்பாலோர் ‘செறிவூட்டி’யை ஏற்கிறார்கள், அவர்களில் பலர் ‘நேரமில்லை என்பதால்’ என்றும் சேர்த்திருக்கிறார்கள். பாடத்தில் உறுப்பின் பெயர் ‘தொடக்கச் செறிவூட்டி’ என்றும், கையால் இழுக்கும் நெம்பு ‘சோக்கு நெம்பு’ என்றும் வரும். மூடித்தகடு உள்ள வகைக்கு மட்டும் ‘வளியொடுக்கி’ நிற்கும். ஆக்சிலேட்டரைத் திருகாமல் உதைக்க வேண்டும் என்ற குறிப்பை உலக்கை வகையின் கீழ் தனிப்பத்தியாகச் சேர்த்துவிட்டேன்.

*

அவசரப்படாதீர்கள் ஐயா. பழைய அமால் கார்புரேட்டரில் மிதவையை விரலால் அழுத்திப் பெட்ரோலை வழியவிடும் ‘டிக்ளர்’ குமிழ் ஒன்று உண்டே, அதுவும் தொடக்கத்துக்குச் செறிவூட்டுவதுதான். ஒரே வண்டியில் இரண்டும் இருந்தால் எந்தச் ‘செறிவூட்டி’யைச் சரிபார் என்று எழுதுவீர்கள்? ‘மிதவையமுக்கி’ என்று ஒன்றை முன்வைக்கிறேன். ‘வளியொடுக்கி’யை ஒரு வகைக்குள் ஒதுக்கியது பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது.