அப்பத்தாவின் கைபேசியில் யூடியூப்: நான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு?

கேள்வி – திருநகர் அம்மா

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் வேலைக்குச் செல்வதால், நான்கு வயது மகனைப் பகல் முழுவதும் என் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். சோறு ஊட்டும்போது அவருடைய கைபேசியில் யூடியூப் ஓடும். மகனுக்கு இன்னும் எழுத்துத் தெரியாது என்ற தைரியத்தில் இருந்துவிட்டோம். ஆனால் மைக் படத்தை அழுத்தி "ஜேசிபி" என்று சொன்னால் போதும் என்பதை அவன் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறான்.

சென்ற வாரம் இரண்டு இரவுகள் தூக்கத்தில் அலறினான். பார்த்தவற்றின் பட்டியலைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. ஜேசிபி மண் அள்ளுவதில் தொடங்கி, பொம்மை லாரிகள், உண்மையான சாலை விபத்துக் காட்சிகள் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடி, கடைசியில் ஒரு கார்ட்டூன் பொம்மையின் தலையைத் துண்டிக்கும் வீடியோவில் போய் நின்றிருக்கிறது. மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காலை முதல் மாலை வரை ஒற்றை ஆளாக அவனோடு மல்லுக்கட்டுபவர் அவர். அவர் பார்க்கும் பக்திப் பாடல்களுக்கும் அழகர் எதிர்சேவைக் காட்சிகளுக்கும் இடைஞ்சல் இல்லாமல், அந்தக் கைபேசியிலேயே பிள்ளைக்கு மட்டும் வேலி போட முடியுமா? குழந்தைகளுக்கென்றே யூடியூப் தரும் யூடியூப் கிட்ஸ் செயலியை மட்டும் நிறுவினால் போதுமா?

பதில் 1 – தெற்குவாசல் கைபேசிக் கடைக்காரர்

சகோதரி, நிறுவினால் மட்டும் போதாது; எப்படி அமைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தச் செயலியில் நான்கு வயது வரை, ஐந்து முதல் எட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு என்று மூன்று வயதுப் பிரிவுகள் உண்டு. பெரும்பாலோர் வயதைத் தேர்ந்தெடுத்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எதைக் காட்டுவது என்பதைப் பெரும்பாலும் இயந்திரமே முடிவு செய்கிறது. இயந்திரத்தின் சல்லடையில் ஓட்டைகள் உண்டு. பிள்ளைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் உருவங்களைப் போட்டு வன்முறையைப் புகுத்திய வீடியோக்கள் அந்தச் செயலிக்குள்ளும் நுழைந்து, 2017-ல் உலகம் முழுவதும் பெரிய சர்ச்சையானது.

எனவே, நீங்கள் ஒப்புதல் அளித்தவற்றை மட்டும் காட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அதில் தேடும் வசதியே இருக்காது என்பதால், அவன் எத்தனை முறை "ஜேசிபி" என்று சொன்னாலும் நீங்கள் சேர்த்து வைத்த ஜேசிபி மட்டுமே வரும். அமைப்புகளுக்குள் செல்ல ஒரு பெருக்கல் கணக்கைக் கேட்கும். அதற்குப் பதிலாக உங்களுக்கென ஒரு கடவு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பாடு படித்த அண்ணன் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் கணக்கெல்லாம் நிமிடத்தில் திறந்துகொள்ளும். நேர வரம்பும் உள்ளேயே இருக்கிறது. நேரம் முடிந்ததும் செயலி தானே பூட்டிக்கொள்ளும்.

பிள்ளை அந்தச் செயலியை விட்டு வெளியேறி வழக்கமான யூடியூபுக்குள் போய்விடாமலிருக்க, ஆண்ட்ராய்டு கைபேசியின் பாதுகாப்பு அமைப்புகளில் ஒரே செயலியைத் திரையில் நிறுத்தி வைக்கும் வசதியை இயக்குங்கள். உங்கள் மாமியாரின் வழக்கமான யூடியூபில் மகன் பார்த்த வீடியோக்களை மட்டும் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். பரிந்துரைகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலை வைத்தே வருவதால், அவருக்கும் விபத்துக் காட்சிகள் வருவது குறையும், எதிர்சேவையும் பத்திரமாக இருக்கும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வீடியோ "குழந்தைகளுக்கானது" என்று குறிக்கப்பட்டிருந்தால் அது தரச்சான்று என்று பலர் நினைக்கிறார்கள். சிறுவர்களின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டியதாக எழுந்த வழக்கில், 2019-ல் அமெரிக்காவில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்ட பிறகு, 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த குறி அது. அந்தக் குறியுள்ள வீடியோவில் கருத்துப் பகுதி இருக்காது, பார்ப்பவரைக் குறிவைத்த விளம்பரமும் வராது. மற்றபடி அதைப் பதிவேற்றுபவரே போட்டுக்கொள்ளலாம்; உள்ளே இருப்பது நல்லதா என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

பதில் 2 – மேலூர் அப்பத்தா (ஓய்வுபெற்ற ஆசிரியை)

நானும் பேரனை வளர்க்கும் அப்பத்தாதான் தாயி. கடைக்காரர் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் அதையெல்லாம் செய்துவிட்டு மாமியாரிடம் சொல்லாமல் நீ அலுவலகம் போய்விட்டால், பிள்ளை அழுத முதல் நாளே பழைய செயலியைத் திறந்து கொடுத்துவிடுவார். என் மகன் அப்படித்தான் என்னிடம் கேட்காமல் எதையோ மாற்றி வைத்தான். கைபேசி கெட்டுப்போய்விட்டது என்று நான் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துப் பழையபடி ஆக்கிவிட்டேன். எதற்காக மாற்றுகிறோம் என்பதை அவர் கையில் கைபேசியைக் கொடுத்தே காட்டு.

நான் கடைப்பிடிப்பவை இரண்டு. சத்தம் வெளியே கேட்க வேண்டும். காதில் மாட்டும் கருவி எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக் கிடையாது. அடுப்படியில் நின்றாலும், குரல் மாறினால் காது அங்கே போய்விடும். இரண்டாவது, பயமாக எதாவது வந்தால் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் ஓடி வா, திட்டமாட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதல் தடவை அவன் ஓடி வந்தபோது உண்மையிலேயே திட்டாமல் இருந்ததால்தான் இரண்டாம் தடவையும் வந்தான்.

பதில் 3 – குழந்தைகள் பிரிவுச் செவிலியர், அண்ணாநகர்

எதைப் பார்க்கிறான் என்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். எவ்வளவு நேரம், எப்போது என்பதையும் கவனியுங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குக் கீழ் எப்போதாவது உறவினரோடு பேசும் வீடியோ அழைப்பைத் தவிரத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் ஐந்து வயது வரை பெரியவர் மேற்பார்வையில் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. மூன்று வேளைச் சோற்றுக்கும் வீடியோ என்றால் அந்த ஒரு மணி நேரம் சோற்றிலேயே போய்விடும். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். முதலில் காலை வேளையை மட்டும் விட்டுப் பாருங்கள்.

மீண்டும் திருநகர் அம்மா

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்தே எல்லாவற்றையும் அமைத்தேன்; 23 வீடியோக்களை நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தோம், அதில் ஐந்து ஜேசிபி. முதல் இரண்டு நாட்கள் மைக்கைக் காணோம் என்று அழுதான், சோறும் பாதிதான் இறங்கியது. மூன்றாம் நாள் அவனே தொலைக்காட்சி ரிமோட்டில் இருக்கும் மைக் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டான். அந்தத் தொலைக்காட்சி என் கணவரின் கணக்கில் ஓடுகிறது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. வரும் ஞாயிறு அதையும் மாற்ற வேண்டும். அதுவரைக்கும் என் மாமியார் அந்தப் பொத்தானின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டி, "ரிமோட்டுக்குக் காயம்" என்று சொல்லி வைத்திருக்கிறார்.