லி-யில் முடிந்தால் வினையடையா? ஒரு மார்க் போன கதை

மூன்றாம்பெஞ்சு

அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு. இங்கிலீஷ் பரீட்சையில் ஒரு கேள்வி, அடிக்கோடிட்ட சொல் பெயரடையா வினையடையா என்று. வாக்கியம் இது: 'ஷி இஸ் எ ஃப்ரெண்ட்லி நெய்பர்'. கோடு ஃப்ரெண்ட்லிக்குக் கீழே. இவள் வினையடை என்று எழுதியிருக்கிறாள். தப்பு, ஒரு மார்க் போச்சு.

ஏன்டா அப்படி எழுதினே என்று கேட்டால் நோட்டைத் திறந்து காட்டுகிறாள். "லி என்று முடிந்தால் வினையடை." சுற்றிப் பெட்டி கட்டி, பக்கத்தில் நட்சத்திரமும் போட்டு வைத்திருக்கிறாள். வகுப்பில் எழுதிப் போட்டதுதான். விதியைக் கொடுத்ததும் அவர்கள், அந்த விதிப்படி எழுதினால் மார்க்கைப் பிடுங்குவதும் அவர்கள். இந்த விதியைச் சொல்லித் தரலாமா, கூடாதா? இங்கே ஆசிரியர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

சிவப்புமை

இருக்கிறேன். பதினெட்டு வருஷமாக இங்கிலீஷ் எடுக்கிறேன், அதே விதியைத்தான் நானும் போர்டில் எழுதுகிறேன். வெட்கப்படவில்லை.

குயிக்லி, ஸ்லோலி, ஹேப்பிலி, கேர்ஃபுலி, சைலன்ட்லி என்று பாதி ராத்திரிவரை அடுக்கலாம். ஏறக்குறைய எந்தப் பெயரடையை எடுத்து லி ஒட்டினாலும் வினையடை கிடைக்கும். நாளைக்கே புதிதாக ஒரு பெயரடை பிறந்தாலும் அதற்கும் ஒட்டும். ஃப்ரெண்ட்லி, லவ்லி மாதிரி ஏமாற்றுகிற சொற்களை ஒரு சின்னப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் போதும். விதி, பிறகு விதிவிலக்கு. இலக்கணம் எப்போதும் அப்படித்தான் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளையின் நோட்டில் இரண்டாவது பாதி விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வேர்தோண்டி

மன்னிக்கணும் சார், ஃப்ரெண்ட்லி விதிவிலக்கே இல்லை. அது வேறொரு விதிக்கு உட்பட்ட சொல்.

லி-யை வெட்டிவிட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள். குயிக்லியில் மிச்சம் குயிக், அது பெயரடை. ஃப்ரெண்ட்லியில் மிச்சம் ஃப்ரெண்ட், அது பெயர்ச்சொல். பெயரடையோடு லி சேர்ந்தால் வினையடை, பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் பெயரடை. காஸ்ட், காஸ்ட்லி. மதர், மதர்லி. கவர்ட், கவர்ட்லி. ஸ்காலர், ஸ்காலர்லி. ஹெவன், ஹெவன்லி. டைம், டைம்லி. எல்லாம் ஒரே அச்சு.

நீங்கள் வாலைப் பார்க்கச் சொல்கிறீர்கள். நான் தலையைப் பார்க்கச் சொல்கிறேன். மனப்பாடமே வேண்டாம்.

சிவப்புமை

அழகான விதி. இரண்டு நிமிஷம் நிற்குமா பார்ப்போம்.

டெட்லி. வெட்டினால் மிச்சம் டெட், அது பெயரடை. உங்கள் கணக்குப்படி டெட்லி வினையடையாக இருக்க வேண்டும். 'டெட்லி பாய்சன்' என்கிறார்களே, அது என்ன? இன்னும் சிக்லி, லோன்லி, எல்டர்லி. 'கைண்ட்லி ஓல்ட் மேன்' என்றால் கைண்ட்லி பெயரடை, 'கைண்ட்லி சிட் டவுன்' என்றால் வினையடை. ஒரே சொல்!

மறுபக்கமும் பாருங்கள். பார்ட் பெயர்ச்சொல், பார்ட்லி வினையடை. நேம் பெயர்ச்சொல், நேம்லி வினையடை. பர்பஸ், பர்பஸ்லி, அதுவும் அப்படியே. உங்கள் தலையும் ஏமாற்றுகிறது நண்பரே. கடைசியில் நீங்களும் ஒரு பட்டியல்தான் தரப்போகிறீர்கள். என் பட்டியல் ஒன்று, உங்கள் பட்டியல் இரண்டு.

வேர்தோண்டி

பார்ட்லி, நேம்லி நல்ல அடி. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் விதி பத்துக்கு ஒன்றிரண்டில் சறுக்கும். உங்கள் விதியோ ஃப்ரெண்ட்லி கூட்டம் முழுவதையும் தூக்கி வெளியே போடுகிறது. பிள்ளைகள் தினமும் வாயில் போட்டு மெல்லுகிற சொற்களே அந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன.

பழஞ்சரக்கு

நடுவில் நுழைகிறேன். இரண்டு பேரும் ஒரே குட்டையில் இரண்டு கரையில் நின்று தூண்டில் போடுகிறீர்கள். இது ஒரே விகுதியா இரண்டா என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் பதில் சுலபம். இரண்டு.

பழைய ஆங்கிலத்தில் பெயரடைக்கு 'லீச்' என்ற விகுதி. வினையடையாக்க வேண்டுமானால் கடைசியில் ஒரு எகரம் கூடும், 'லீச்சே'. அந்த எகரம்தான் வினையடையின் அடையாளம், லீச் அல்ல. நம் 'ஆன', 'ஆக' போல வைத்துக்கொள்ளுங்கள். அழகான என்றால் பெயரைத் தேடும், அழகாக என்றால் வினையைத் தேடும். காதில் விழும்போதே தெரியும்.

பிறகு ஆங்கிலத்தில் சொல் இறுதி எகரங்கள் மெல்ல மெல்ல உதிர்ந்தன. லீச்சும் லீச்சேயும் ஒன்றாகத் தேய்ந்து இரண்டும் 'லி' ஆயின. நமக்கு ஆனவும் ஆகவும் சேர்ந்து 'ஆ' என்று ஒரே ஒலியாகப் போய்விட்டால் எப்படி இருக்கும்? அதுதான் அங்கே நடந்தது.

வெறும் எகரத்தை மட்டும் வைத்துக்கொண்டு வினையடையான சொற்களும் இருந்தன. ஃபாஸ்ட், ஹார்ட் இரண்டுக்கும் அன்று வினையடை வடிவத்தில் ஓர் எகரம் உண்டு. அது உதிர்ந்ததும் பெயரடையும் வினையடையும் அச்சில் ஒன்றாகிவிட்டன. 'ரன் ஃபாஸ்ட்' என்கிறோம், ஃபாஸ்ட்லி என்பதில்லை. காரணம் இதுதான், சோம்பேறித்தனம் அல்ல. எகரம் போனபின் வினையடைக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. பக்கத்தில் கிடந்த லி அந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

டெட்லி விஷயத்துக்கும் விடை இங்கேயே இருக்கிறது. பழைய லீச் பெயர்ச்சொல்லோடும் ஒட்டும், பெயரடையோடும் ஒட்டும். டெட்லி அந்தக் காலத்துச் சொத்து. வேர்தோண்டியின் விதி இன்றைய பழக்கம், டெட்லி நேற்றைய பழக்கம்.

ஒரு உபரிச் செய்தி. லீச் என்பதன் மூலப்பொருள் உடல், உருவம். ஃப்ரெண்ட்லி என்றால் நண்பனின் உருவம் கொண்டது என்று அர்த்தம். அதே வேரிலிருந்து வந்த 'லிச்' பிணத்தைக் குறித்தது. சவப்பெட்டியை இறக்கி வைக்கும் கல்லறைத் தோட்ட வாசலுக்கு இன்றும் லிச்கேட் என்று பெயர். ஜெர்மனில் 'லைஷே' என்றால் பிணம், 'ஃப்ராய்ண்ட்லிஷ்' என்றால் ஃப்ரெண்ட்லி. 'லைக்' என்ற சொல்லும் இதே குடும்பம்.

சிவப்புமை

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு மார்க் போனதைப் பேசிக்கொண்டிருந்தோம். கல்லறை வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டீர்களே ஐயா!

பழஞ்சரக்கு

ஃப்ரெஞ்சுக்காரர்கள் உங்களைவிட மென்மையானவர்கள். அவர்களுடைய வினையடை விகுதி 'மான்', லத்தீனின் 'மெந்தே'யிலிருந்து வந்தது. மனத்தோடு என்று பொருள். மெதுவாக என்பதற்கு 'லாந்த்மான்', அதாவது மெதுவான மனத்தோடு. அங்கே மனம் தேய்ந்து விகுதியானது, இங்கே உடல் தேய்ந்து விகுதியானது. நம்மிடம் 'மெய்யாக' என்ற சொல்லில் உடலும் உண்மையும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. இதற்கும் லி-க்கும் உறவில்லை, ஆனாலும் ரசிக்கலாம்.

மூன்றாம்பெஞ்சு

ஒரு சந்தேகம். நேற்று அவளிடம் லி-யில் முடியும் சொல் ஐந்து சொல்லு என்றேன். ஃபேமிலி, ரிப்ளை, ஜூலை, சில்லி, அக்லி என்றாள். எழுத்தைப் பார்த்துச் சொல்கிறாள், ஒலியைப் பார்த்தல்ல. இதில் எத்தனை வினையடை?

பழஞ்சரக்கு

ஒன்றுகூட இல்லை. முதல் மூன்றில் விகுதியே இல்லை, சொல்லின் உடம்பே அப்படி. சில்லியில் உள்ள லகரமும் வேரோடு வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதன் முன்னோர் ஆசி பெற்றவன், பாக்கியவான் என்று பொருள்பட்டது. பாக்கியவான் அப்பாவியாகி, அப்பாவி அசடாகிவிட்டான். அக்லி மட்டும் உண்மையான உறவு. வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது, அச்சந்தருவது என்று பொருள். அதன் வாலில் இருப்பது நம் லீச்சின் சகோதரன்.

அரைத்தமிழ்

இவ்வளவு நேரம் ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். சார், நாம் எல்லாருக்குமே இந்த வித்தியாசம் தெரியும். தெரியும் என்பதுதான் தெரியாது.

"அவர் ரொம்ப ஃப்ரெண்ட்லியா பழகுவார்." சொல்கிறோமா? சொல்கிறோம். "கொஞ்சம் காஸ்ட்லியான ஃபோன்." "லோன்லியா இருக்கு." இப்போது இதைச் சொல்லிப் பாருங்கள்: "ஸ்லோலியா போ", "குயிக்லியான பதில்". நாக்கு நின்றுவிடும். ஸ்லோவா போ என்றுதான் வரும். சீரியஸா, கரெக்டா, சாஃப்டா எல்லாமே அப்படித்தான். லி உள்ள வடிவம் இருக்க, அதை விட்டுவிட்டு மொட்டைப் பெயரடையை எடுத்து நம் ஆகாரத்தைப் போட்டுக்கொள்கிறோம்.

ஏன்? ஆ, ஆன இரண்டுக்கும் அடியில் பெயரடை வேண்டும் என்று காதுக்குத் தெரிகிறது. ஸ்லோலி ஏற்கெனவே வினையடை, அதன்மேல் இன்னொரு ஆ ஏறாது. ஃப்ரெண்ட்லி பெயரடை என்பதால் ஏறுகிறது. பிள்ளையிடம் விதி வேண்டாம். 'ஆன' போட்டுப் பார், ஒட்டினால் பெயரடை. தீர்ந்தது.

வேர்தோண்டி

இது எனக்குத் தோன்றவே இல்லை. அருமை.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. இங்கிலீஷ்காரருக்கு 'ஃப்ரெண்ட்லியாகப் பேசினார்' என்பதை ஒரே சொல்லில் சொல்வது பெரிய பாடு. ஃப்ரெண்ட்லி மேல் இன்னொரு லி போட்டால் ஃப்ரெண்ட்லிலி. அகராதியில் இருக்கிறது, ஆனால் வாயில் யாரும் வைப்பதில்லை. 'இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று சுற்றி வளைத்துப் போகிறார்கள். நாம் அவர்கள் சொல்லையே கடன் வாங்கி, ஒரே ஒரு ஆ போட்டு நேராகப் போய்விடுகிறோம்.

சிவப்புமை

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் டெய்லி? "டெய்லி வர்றான்" என்கிறோம், ஆ இல்லை. "டெய்லி பேப்பர்" என்கிறோம், ஆன இல்லை. வீக்லி, மந்த்லியும் அப்படியே. பெயரடையா, வினையடையா?

அரைத்தமிழ்

இரண்டும். ஆங்கிலத்திலும் இரண்டும்தான். நம் 'தினசரி'யும் அப்படித்தானே? தினசரி வேலை, தினசரி வருகிறான். காலத்தைச் சொல்லும் சொற்கள் எங்கேயும் இரட்டை வேஷம் போடும் போலிருக்கிறது.

சிவப்புமை

சரி. கவர்ட்லி, ஸ்காலர்லி, சிக்லி? இவை நம் பேச்சில் புழங்காதவை. புழங்காத சொல்லில் காது சாட்சி சொல்லாது. உங்கள் சோதனை கடன் வாங்கிய சொற்களுக்கு மட்டும்.

வேர்தோண்டி

அங்கே வேறு சோதனை உண்டு. 'இயர்' போட்டுப் பாருங்கள். ஃப்ரெண்ட்லியர், காஸ்ட்லியர், டெட்லியர் எல்லாம் வரும். குயிக்லியர் வராது, 'மோர் குயிக்லி' என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்காலர்லிக்கு அதுவும் உதவாது, அதற்கு 'மோர்'தான். ஏர்லி மட்டும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு ஏர்லியர் ஆகிவிடுகிறது.

எதுவும் சரிப்படாவிட்டால் சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். பின்னால் ஒரு பெயர் நிற்கிறதா, அல்லது ஒரு வினையைப் பற்றிப் பேசுகிறதா? அந்தப் பிள்ளையின் கேள்வியில் ஃப்ரெண்ட்லிக்குப் பின்னால் நெய்பர் நிற்கிறார். நோட்டைப் பார்க்காமல் வாக்கியத்தைப் பார்த்திருந்தால் மார்க் கிடைத்திருக்கும்.

சிவப்புமை

நேற்று இரவு இதை யோசித்துக்கொண்டே படுத்தேன். ஒன்று ஞாபகம் வந்தது, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

சில வருஷங்களுக்கு முன் அப்பாவைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னேன். ஒரு பையன் எழுதியிருந்தான்: 'மை ஃபாதர் ஹார்ட்லி ஒர்க்ஸ்'. அப்பா கடினமாக உழைப்பவர் என்று சொல்ல வந்தான். வினையைப் பற்றிப் பேசினால் லி வேண்டும் என்று நான் சொன்னதை நம்பி, ஹார்டுக்கு ஒரு லி போட்டுவிட்டான். ஹார்ட்லி என்றால் அரிதாக, இல்லை என்னும் அளவுக்கு. அப்பா வேலையே செய்வதில்லை என்று எழுதி, கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டிருந்தான். சிவப்பு மையில் அடித்தேன். ஏன் அடித்தேன் என்று அவனுக்குச் சொன்னதாக நினைவில்லை.

லி போட்டால் வினையடை என்ற பாதியைத்தான் இவ்வளவு நேரம் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். லி இல்லாவிட்டால் வினையடை இல்லை என்று பிள்ளைகள் அதை மறுபக்கமும் திருப்பிக்கொள்வார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. லேட், லேட்லி. நியர், நியர்லி. ஹை, ஹைலி. ஒவ்வொன்றும் ஒரு குழி.

விதியை விட்டுவிட மாட்டேன். ஆனால் போர்டில் 'பெரும்பாலும்' என்று ஒரு சொல்லைக் கூட்டி, கீழே ஃப்ரெண்ட்லியையும் ஹார்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன்.

பழஞ்சரக்கு

உங்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. லி இல்லாத வினையடைகள் 18-ஆம் நூற்றாண்டுவரை ஆங்கிலத்தில் இப்போதைவிடத் தாராளமாகப் புழங்கின. 1762-ல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் தம் இலக்கண நூலில், பெயரடையை அப்படியே வினையடையாக எழுதுவது முறையல்ல என்று கண்டித்தார். 'டிரைவ் ஸ்லோ' என்று பலகையில் எழுதினால் இன்றும் திருத்த வருகிறவர்கள் அந்த வாரிசுகள்தான்.

மூன்றாம்பெஞ்சு

எல்லாவற்றையும் அவளிடம் சொல்லவில்லை. 'ஆன' சோதனையை மட்டும் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டாள். பெட்டி கட்டிய விதியை அடிக்கவில்லை, நட்சத்திரத்தை மட்டும் அழித்திருக்கிறாள்.

வேர்தோண்டி சொன்னதுபோல லி-யை வெட்டிப் பார்க்கவும் சொன்னேன். உடனே கேட்டாள், "சித்தப்பா, லோன்லியை வெட்டினா லோன். அப்போ கடன் வாங்கினவங்கதான் லோன்லியா?"

பழஞ்சரக்கு

அந்த லோன் வேறு என்று சொல்லுங்கள். 'ஆல்' 'ஒன்' இரண்டும் சேர்ந்து அலோன் ஆனது, அதன் தலை உதிர்ந்து லோன். அதே ஒன்னோடு லி சேர்ந்ததுதான் ஒன்லி. லோன்லியும் ஒன்லியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.