எப்பவும் அசதி, அடிக்கடி காய்ச்சல்: டாக்டர்கிட்ட போகணுமா, ஓய்வு எடுத்தா போதுமா?

திருப்பாப்புலியூர்ப் பொண்ணு
வயசு 31. பாண்டி நேரு வீதிப் பக்கம் ஒரு துணிக்கடையில சேல்ஸ். காலையில கடலூர்ல பஸ் ஏறினா வீடு திரும்ப ராத்திரி ஆயிடும். தீபாவளிக் கூட்டம் முடிஞ்சதிலேர்ந்து உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. லீவு நாள்ல மதியம் வரைக்கும் தூங்கினாலும் தூங்கின மாதிரியே இல்ல. நடுவுல நடுவுல சளி, காய்ச்சல். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டா விடும், கொஞ்ச நாள்ல திரும்ப வரும். கடை மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. மாமியார் "வேலைக்குப் போற எல்லாருக்கும் இருக்கிறதுதான், சுத்திப் போட்டா சரியாயிடும்"ங்கிறாங்க. வீட்டுக்காரர் "போய்க் காட்டிட்டு வா"ங்கிறார். எங்க போறது, என்னன்னு சொல்றது? அசதின்னு சொன்னா டாக்டர் சிரிக்க மாட்டாரா?

கெடிலக்கரை
போகாதீங்கன்னு சொல்லல, அவசரப்படாதீங்க. நாள் முழுக்க நின்னு, அதுக்கு மேல பஸ்ல வேற தொங்கினா எந்த உடம்பு தாங்கும்? எங்கப்பாவுக்கும் இதே அசதிதான். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். பேக்கேஜ்னாங்க. எக்கோ, ஸ்கேன், பேர் தெரியாத வைட்டமின் டெஸ்ட்டெல்லாம் எடுத்துட்டு, கடைசியில "எல்லாம் நார்மல், நல்லா சாப்பிடுங்க". சீட்டு எடுத்த காசு அங்கேயே போச்சு. அப்புறம் நெல்லிக்குப்பத்துல அத்தை வீட்ல கொஞ்ச நாள் தின்னு தூங்கி எழுந்தார், சரியாயிடுச்சு. அந்த ஓய்வை முதல்ல எடுத்துப் பாருங்க, காசு செலவில்ல.

ரிட்டயர்டு சிஸ்டர்
கெடிலக்கரை தம்பி, உங்கப்பாவுக்கு அசதி மட்டும்தான். இந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருது, படி ஏறினா மூச்சு வாங்குது. ரெண்டும் ஒண்ணில்ல. அம்மாடி, இதுக்கெல்லாம் பதில் சொல்லு: தீட்டு எத்தனை நாள், எவ்வளவு போகுது? பச்சை அரிசி, சாக்பீஸ், மண் வாசனை இப்படி எதன் மேலயாவது ஆசை வருதா? உடம்பு இளைச்சிருக்கா? காய்ச்சல் சாயங்காலமா வருதா? இருமல் இருக்கா? முடி கொட்டுதா? நாள் தள்ளிப் போயிருக்கா?

திருப்பாப்புலியூர்ப் பொண்ணு
அரிசி விஷயம் எப்படிக்கா தெரியும்! உலைக்கு அளக்கும்போது ஒரு கை வாயில போட்டுக்குவேன். கடைக்குக்கூட டிபன் பையில ஒரு பொட்டலம் மடிச்சு எடுத்துட்டுப் போவேன், கஸ்டமர் இல்லாத நேரம் பாத்து மெல்லுவேன். தீட்டு ஏழு நாள், முதல் மூணு நாள் ராத்திரி எழுந்து மாத்தணும். பாப்பா பொறந்ததிலேர்ந்தே இப்படித்தான். முடி கொட்டுது, அதுக்கு ஒரு மாத்திரை சாப்பிடறேன். நாள் தள்ளல.

ரிட்டயர்டு சிஸ்டர்
அரிசி மெல்றது பல நேரம் இரும்புச்சத்து இறங்கிப் போச்சுன்னு உடம்பு காட்டுற அடையாளம். வார்டுல இதைக் கேட்டா பொம்பளைங்க வெட்கப்பட்டுச் சிரிப்பாங்க, ஆனா பாதிப் பேர் ஆமாம்பாங்க. கர்ப்பமில்லாத பொம்பளைக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ போனாலே ரத்தசோகைன்னுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எட்டு, ஒம்பதை வச்சுக்கிட்டு வேலைக்குப் போயிட்டு வர்றவங்களை நிறையப் பாத்திருக்கேன். கொஞ்சம் கொஞ்சமா குறையறதால உடம்பு பழகிக்கும், நாமளும் "வேலை அலுப்பு"ன்னு நினைச்சுக்குவோம். அலுப்பு எது, ரத்தம் இல்லாதது எதுன்னு வெளியில நின்னு பாக்கிறவங்களுக்குத் தெரியாது. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்தாதான் தெரியும்.

கெடிலக்கரை
2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல 15லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு. பாதிக்கு மேல. அப்போ டாக்டர் என்ன புதுசா சொல்லப் போறார்? இரும்பு மாத்திரைதானே. அதை மெடிக்கல்லயே வாங்கிக்கலாமே, எதுக்கு வரிசையில நிக்கணும்?

பாகூர்க் காத்து
மாத்திரை எதுக்குங்க? முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை, வெல்லம். எங்கம்மா இதிலேயே ஆறு புள்ளை பெத்து நாத்து நட்டாங்க.

ரிட்டயர்டு சிஸ்டர்
கீரை சாப்பிடட்டும், வேணாம்னு யார் சொன்னா. ஆனா கீரையில இருக்கிற இரும்புல கொஞ்சம்தான் உடம்புல சேரும். மாசாமாசம் அவ்வளவு ரத்தம் போயிட்டிருக்கும்போது கீரை ஈடு குடுக்காது. உங்கம்மாவுக்கு அப்போ ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு யாராவது பாத்தாங்களா?

கெடிலக்கரை, ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவு இல்ல. பி12 குறைஞ்சாலும் வரும், பரம்பரையாவும் வரும், அதுக்கு இரும்பைக் கொட்டினா பிரயோஜனமில்ல. இரும்புக் குறைவாவே இருந்தாலும் ஏன் குறையுதுன்னு பாக்கணும். தைராய்டு மந்தமானாக்கூட தீட்டு அதிகமாகும், முடி கொட்டும், அசதியும் வரும். அப்புறம் அந்தக் காய்ச்சல்? அதை ரத்தசோகை தலையில மட்டும் கட்ட முடியாது. சர்க்கரை இருந்தாலும் தொத்து மாத்தி மாத்தி வரும். முழு ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, தைராய்டு, சிறுநீர், தேவைப்பட்டா நெஞ்சு எக்ஸ்ரே. முதல் சுத்துக்கு இது போதும், எக்கோவும் வேணாம், பேக்கேஜும் வேணாம்.

கவுண்டருக்கு உள்ளே
மெடிக்கல்ல வேலை செய்றேன், அதனால சொல்றேன். "சளி காய்ச்சலுக்கு ஒரு செட் குடுப்பா"ன்னு கேக்கிறவங்களுக்குச் சில கடைகள்ல என்ன போகுதுன்னு தெரியுமா? அதுல ஒரு ஆன்டிபயாடிக் இருக்கும், சில சமயம் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். ஸ்டீராய்டு போட்டா ரெண்டு நாள் குதிரை மாதிரி ஓடலாம், அப்புறம் பழைய கதைதான். ஓஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் மாதிரி மாத்திரைங்க டிபி இருந்தா அதைக் கொஞ்ச நாள் அமுக்கி வச்சுடும், கண்டுபிடிக்கிறது தள்ளிப்போகும். பழைய அட்டை ஏதாவது இருந்தா தூக்கிப் போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க.

முடிக்குச் சாப்பிடற மாத்திரையில பயோட்டின்ங்கிற வைட்டமின் இருக்கான்னு பாருங்க. அது தைராய்டு டெஸ்ட் ரிசல்ட்டைத் தப்பா காட்டலாம். டெஸ்ட்டுக்கு முன்னாடி நிறுத்தணுமான்னு கேட்டுக்குங்க.

இன்னொண்ணு, அசதிக்கு "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெம்பு"ன்னு கிளம்பிடாதீங்க. 5 சதவீத பாட்டில் 500 மில்லியில இருக்கிறது 25 கிராம் சர்க்கரை. டீக்கடையில கேட்டாலே குடுப்பாங்க.

கெடிலக்கரை
குளுக்கோஸ் விஷயத்துல உங்க கட்சி. ஆனா அதை ஏத்தி விடறதும் டாக்டருங்கதானே சார்? என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. ஜிப்மர் போனா கோரிமேட்டுல விடிகாலையில நிக்கணும், ஒரு நாள் போச்சு. ரிசல்ட்டுக்கு இன்னொரு நாள். துணிக்கடையில லீவு போட்டா சம்பளம் கட். இதை யார் குடுப்பா?

சிப்காட் ஷிப்ட்
தங்கச்சி, சம்பளச் சீட்டைப் பாரு. இஎஸ்ஐன்னு, அதாவது தொழிலாளர் காப்பீடுன்னு, பிடிச்சிருக்காங்களா? மாசச் சம்பளம் 21,000க்குள்ள இருந்து கடையும் பெரிசா இருந்தா பிடிச்சிருக்கணும். நம்ம பங்கு 0.75 சதவீதம், முதலாளி 3.25 குடுக்கணும். இருந்துச்சுன்னா வைத்தியம் இலவசம், உனக்கு மட்டுமில்ல, குடும்பத்துக்கும். கோரிமேட்டுல இஎஸ்ஐ ஆஸ்பத்திரியே இருக்கு. டாக்டர் ரெஸ்ட் எழுதிக் குடுத்தா சம்பளத்துல 70 சதவீதம் வரும், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். நாம கட்டற காசு, கேட்டு வாங்கறதுல கூச்சம் என்ன?

நின்னுக்கிட்டே இருக்கிறதுக்கும் ஒண்ணு. கடையில வேலை செய்றவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டத் திருத்தம் வந்துச்சு. ஆனா உன் கடை பாண்டியில. கன்னியக்கோயில் தாண்டினா நம்ம ஊர்ச் சட்டம் செல்லாது, சரக்கு ரேட்டுதான் மாறும்.

கெடிலக்கரை
இஎஸ்ஐயில முதல் 2 நாளுக்குக் காசு கிடையாதுன்னும் சேத்துச் சொல்லுங்க தலைவரே. ஓபி சீட்டுக்கு நிக்கிற அந்த ஒரு நாள் அவங்க கைக்காசுதான். நான் சொல்றது சோம்பேறித்தனம் இல்ல, கணக்கு. அதுவும் அசதின்னு போறவங்கள்ல நிறையப் பேருக்குப் பெரிய வியாதி எதுவும் இருக்கிறதில்ல.

சிப்காட் ஷிப்ட்
அது சரிதான், முதல் 2 நாள் கிடையாது. ஆனா ஒரு நாள் சம்பளம் போகுதுன்னு தள்ளிப் போட்டு, அப்புறம் மாசக்கணக்குல படுத்தவங்க எங்க யூனிட்லயே இருக்காங்க.

ரிட்டயர்டு சிஸ்டர்
பெரிய வியாதி இல்லாம இருக்கலாம் தம்பி, நானும் அதைத்தான் வேண்டிக்கிறேன். ரத்தசோகை பெரிய வியாதி இல்ல, ஆனா மருந்து ஒழுங்கா போட்டா ஒரு மாசத்துலயே தெம்பு தெரியும். அதை விட்டுட்டு ஏன் இழுத்துப் பறிச்சுக்கிட்டுக் கிடக்கணும்? முதல் தடவைக்கு ஜிப்மர் எதுக்கு? வீட்டுப் பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும், இல்லேன்னா கடலூர் ஜிஹெச். ரத்தம், சர்க்கரை அங்கேயே இலவசமா பாப்பாங்க.

பேர் வேண்டாம்
ஒரு ஓரமா நானும். எனக்கு எல்லா டெஸ்ட்டும் நார்மல். "ஒண்ணுமில்ல"ன்னு அனுப்பிட்டாங்க. அசதி அப்படியே இருந்துச்சு. வேற ஒரு டாக்டர்தான் ராத்திரி குறட்டை விடறியா, மனசு எப்படி இருக்கு, ஒரு நாள் கூடுதலா உழைச்சா அடுத்த ரெண்டு மூணு நாள் படுக்கையா கிடக்கியான்னெல்லாம் கேட்டார். தூக்கத்துல மூச்சு தடைபட்டிருக்கு. ரிசல்ட் நார்மல்னு வந்தாலும் அதோட விட்டுடாதீங்க.

கெடிலக்கரை
பாத்தீங்களா? நார்மல்னு வந்தா இன்னொரு டாக்டர், இன்னொரு டெஸ்ட். இதுக்கு எல்லையே இல்லைங்கிறதுதான் நான் சொல்றது.

திருப்பாப்புலியூர்ப் பொண்ணு
எல்லாருக்கும் நன்றிங்க. எனக்கு வார லீவு புதன்கிழமை. அன்னிக்குக் காலையில ஹெல்த் சென்டர் போறேன், சம்பளமும் போகாது. சீட்டுல இஎஸ்ஐ பிடிச்சிருக்காங்க, இத்தனை நாள் அது ஏதோ வரின்னு நினைச்சிட்டிருந்தேன். மாமியார்கிட்ட பாப்பாவுக்குத் தடுப்பூசின்னு சொல்லிக்கிறேன்.

ரிட்டயர்டு சிஸ்டர்
போ. ஆனா நான் கேட்டதுல பாதிக்கு நீ பதிலே சொல்லல. இளைச்சிருக்கா, சாயங்காலக் காய்ச்சலா, இருமல் இருக்கா?

திருப்பாப்புலியூர்ப் பொண்ணு
வெயிட் பாக்கலக்கா, ஆனா ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு இருக்கு. பஸ்ல வரும்போது குளிர் காய்ச்சல் மாதிரி இருக்கும், காலையில இருக்காது. இருமல் இருக்கு, பொங்கலுக்கு முன்னாடியிலேர்ந்தே. கடையில புதுத்துணித் தூசின்னு விட்டுட்டேன்.

ரிட்டயர்டு சிஸ்டர்
அப்போ புதன் வரைக்கும் வேணாம், நாளைக்கே போ. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலக் காய்ச்சல், இளைப்பு மூணும் சேந்தா முதல்ல டிபியைத்தான் பாக்கணும். இருக்குன்னு சொல்லல, பாக்கணும்னு சொல்றேன். அரசு ஆஸ்பத்திரியில சளி டெஸ்ட் இலவசம். காலையில எழுந்ததும் வாயைக் கொப்பளிச்சிட்டு, நல்லா மூச்சை இழுத்து, நெஞ்சிலேர்ந்து இருமி எடுக்கிற சளியைக் குடு. எச்சிலைத் துப்பிக் குடுத்தா ஒண்ணும் தெரியாது. இருந்தாலும் பயமில்ல, சாதாரண டிபின்னா ஆறு மாச மருந்து, அதுவும் இலவசம். அரிசி விஷயத்தையும் தீட்டையும் சேத்துச் சொல்லிடு, ஒரே ரத்தத்துல அதையும் பாத்துடுவாங்க.

கெடிலக்கரை
இருமலை இவ்வளவு நேரம் சொல்லாம இருந்தா நாங்க என்னத்தை விவாதம் பண்றது! சளி டெஸ்ட்டுக்குப் போங்க, அதுக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா வழியில யாராவது "ஃபுல் பாடி செக்கப் 999 ரூபாய்"னு நோட்டீஸ் நீட்டினா தலையாட்டாதீங்க. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் இது எதுக்குன்னு கேளுங்க.

திருப்பாப்புலியூர்ப் பொண்ணு
சரிங்கண்ணா. அக்கா, ஒண்ணே ஒண்ணு. பாப்பாவுக்கு ரெண்டு வயசு, என்கூடத்தான் படுக்கும். என்ன பண்ணட்டும்?

ரிட்டயர்டு சிஸ்டர்
ரிசல்ட் வர வரைக்கும் அப்பா பக்கத்துல படுக்கட்டும். ஜன்னலைத் திறந்து வை, இருமும்போது முந்தானையால வாயை மூடிக்கோ, வீட்டுக்குள்ளயும் மாஸ்க் போட்டுக்கோ. வீட்ல சின்னக் குழந்தை இருக்குன்னு நாளைக்கு டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு, அவங்க கேக்கிற வரைக்கும் காத்திருக்காதே.