பேட்டரி செத்த ஆட்டோமேட்டிக் காரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது எப்படி?

உப்புக்காற்று:
கடலூரில் சில்வர் பீச் பக்கம் வீடு. அப்பாவின் கார் ஆட்டோமேட்டிக், சாவி போட்டுத் திருப்புகிற வகை. இரண்டு மாதமாக யாரும் எடுக்கவில்லை, இன்று சாவியைத் திருப்பினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. போர்ட்டிகோவில் சுவரைப் பார்த்து நிற்கிறது, பக்கத்தில் இன்னொரு காரை விட்டு கேபிள் மாட்ட இடமில்லை. தெருவுக்குத் தள்ளலாம் என்றால் லீவர் பார்க்கை விட்டு அசையவே இல்லை. பலமாக இழுத்தால் உடைந்துவிடுமோ? நாளை காலை அப்பாவை ஜிப்மருக்குக் கூட்டிப்போக வேண்டும்.

லாஸ்பேட்டை டிரைவர்:
இழுக்காதீங்க. பிரேக்கை மிதித்ததும் உள்ளே ஒரு சின்ன சோலினாய்டு "டக்"கென்று பூட்டை விடுவிக்கும், அதற்குக் கரண்ட் வேண்டும், அது இல்லாததால்தான் லீவர் பிடித்துக்கொண்டு நிற்கிறது. முதலில் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிடுங்கள். லீவர் பக்கத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், தட்டை ஸ்குரூடிரைவரின் முனையில் துணி சுற்றி நெம்பினால் கீறல் விழாமல் வந்துவிடும். சில கார்களில் மூடிக்குப் பதிலாக ஷிப்ட் லாக் என்று எழுதிய பட்டனே இருக்கும். சாவியை ஆனில் வைத்து, பிரேக்கை மிதித்தபடி அந்தத் துளைக்குள் ஸ்குரூடிரைவரை நேராக அழுத்திப் பிடியுங்கள், அப்படியே லீவரின் பட்டனையும் அமுக்கி நியூட்ரலுக்கு நகர்த்துங்கள். இடம் காருக்குக் கார் மாறும், மேனுவலில் பாருங்கள்.

முத்தியால்பேட்டை அண்ணன்:
தம்பி, போர்ட்டிகோ வாசலில் சரிவு இருக்கிறதா? இருந்தால் ஹேண்ட்பிரேக்கை விடும் முன் பின்சக்கரத்துக்குப் பின்னால் செங்கல் வை. இன்ஜின் ஓடாதபோது இரண்டு மூன்று மிதியோடு பிரேக் கல் மாதிரி இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். அதனால் உள்ளே ஓட்டத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும், காருக்குப் பின்னால் யாரும் நிற்கவே கூடாது. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்று மட்டும் நினைக்காதே, ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது.

டயர்க்கடை:
எனக்கு ஒரு சந்தேகம், காரை எதற்கு நகர்த்த வேண்டும்? பானட் கம்பி இழுத்துத் திறப்பது, அதற்குக் கரண்ட் வேண்டாம். கடையிலிருந்து சார்ஜ் உள்ள 12 வோல்ட் பேட்டரியைக் கையிலேயே தூக்கிவந்து கேபிள் மாட்டலாமே. சிவப்பு பிளஸ்ஸுக்குப் பிளஸ். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில், மறுமுனை உங்கள் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. லீவருக்குப் பதில் பட்டன் கியர், எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டிகளுக்கு பெரும்பாலும் இதுதான் வழி.

உப்புக்காற்று:
எல்லோருக்கும் நன்றி. மூடி கிடைத்தது, இரண்டாவது முறை அழுத்தியதும் லீவர் வந்துவிட்டது. ஆனால் வாசலில் நல்ல சரிவு, அண்ணன் சொன்னதைப் படித்தபிறகு தள்ள மனம் வரவில்லை, திரும்பப் பார்க்கிலேயே போட்டுவிட்டேன். மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் பேட்டரி கொண்டுவந்தார். பானட்டைத் திறந்தால் டெர்மினல் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றித் தேய்த்து மாட்டியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. நாளைக் காலை கிளம்பும் முன் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன்.