கொரியா போகிறேன்: பச்சை பாட்டில் தவிர வேறென்ன குடிக்கலாம்?

வேளச்சேரி வாசி:

வணக்கம். நவம்பரில் பத்து நாள் சியோல் பயணம். முதல் நான்கு நாள் அலுவலக வேலை, மீதி என் சொந்தக் கணக்கு.

எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும் கொரியப் பொறியாளர் போன மாதம் தம் வீட்டு விருந்துக்கு அழைத்திருந்தார். பச்சை பாட்டிலில் சோஜு என்ற கொரிய மது ஊற்றினார். ஊசி போடுவதற்கு முன் கையில் தடவும் பஞ்சின் வாசனை, அதன் மேல் கொஞ்சம் சர்க்கரை. என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது போலும். அவர் சிரித்துவிட்டு, "இது ஆலையில் கலக்கியது. எங்கள் பாட்டி காலத்து மதுவை அங்கே வந்து குடித்துப் பார்" என்றார். எது, எங்கே என்று நான் கேட்பதற்குள் பேச்சு பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலுக்குப் போய்விட்டது. அந்தப் பேச்சு எப்போது முடியும் என்று உங்களுக்குத் தெரியும்.

எதைக் குடிக்கலாம், எங்கே கிடைக்கும்? நான் முட்டை சாப்பிடுவேன், மீனும் இறைச்சியும் கிடையாது. அப்பாவுக்கு ஒரு பாட்டில் கொண்டுவரவும் ஆசை. அவர் கள்ளுக்கடை காலத்து மனிதர். 1987-இல் கள்ளை நிறுத்தியதை நேற்று நடந்தது போல இன்றும் புலம்புவார்.

பெருங்களத்தூர் பெரியவர்:

தம்பி, நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். பயிற்சிக்காக உல்சானுக்கு இரண்டு முறை அனுப்பினார்கள். இரண்டு முறையும் பச்சை பாட்டிலைத் தாண்டவில்லை. 2018-இல் மனைவியோடு சுற்றுலாவாகப் போனபோதுதான் கண் திறந்தது.

நீ தேடுவது மக்கொல்லி. தமிழில் எழுதினால் பூச்சிக்கொல்லியின் தங்கை போல இருக்கிறது, பயப்படாதே. 'மக்' என்றால் இப்போதுதான் என்றும் சொல்கிறார்கள், ஏனோதானோ என்றும் சொல்கிறார்கள். மிச்சப் பாதிக்கு வடிகட்டுவது என்று பொருள். அரிசி, தண்ணீர், நுருக் என்ற நொதிக்கட்டி, அவ்வளவுதான். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு சதவீதம். பார்வைக்கு நம் நீராகாரம். முதல் வாயிலும் நீராகாரம்தான். பிறகு லேசான இனிப்பு, நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று ஒரு புளிப்பு, கடைசியில் கொஞ்சம் பொங்கல்.

சியோலிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் ஜொன்ஜு போய்விடலாம். அங்கே சம்சொன்தொங் பகுதியில் மக்கொல்லிக்கென்றே கடைகள். நாங்கள் போன அன்று தூறல். மழை நாளில் மக்கொல்லியும் வெங்காயத்தாள் அடையும் அந்த ஊர் வழக்கம். கல்லில் மாவு விழும் ஓசை மழை ஓசை போலவே இருப்பதால்தான் ஆசை வருகிறது என்பார்கள். கடைக்கார அம்மாள் ஒரு கெட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். பொன்னிற அலுமினியம், வயிற்றில் நாலைந்து நசுங்கல், நம் டீக்கடைக் கெட்டிலேதான். மூடியைத் திறந்து அகப்பையால் அடிவரை ஒரு கலக்குக் கலக்கி, தட்டையான கிண்ணத்தில் ஊற்றினார். அந்தக் கடைகளில் பலகாரத்துக்குத் தனிக் காசு இல்லை. கெட்டிலுக்குப் பணம் கொடுத்தால் மேசை நிறைய வந்து இறங்குகிறது. இரண்டாவது கெட்டிலுக்கு வேறு வகைகள் வரும். மது அருந்தும்போது தொட்டுக்கொள்வதற்கு அவர்கள் சொல்லும் பெயர் அஞ்சு. எங்கள் மேசையில் எண்ணினால் பதினான்கு.

என் மனைவி சைவம். பதினான்கில் அவள் தொட்டது மூன்று. கிம்ச்சியிலேயே பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ இருக்கும். "மீன், இறால், இறைச்சி வேண்டாம்" என்று கொரிய மொழியில் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள். சியோல் குவாங்ஜாங் சந்தையில் பாசிப்பயற்றை உன் கண்முன்னே திருகைக்கல்லில் அரைத்துச் சுட்டுத் தருவார்கள். பின்தெத்தொக் என்று பெயர். நம் பெசரட்டு தடித்து எண்ணெயில் குளித்தால் எப்படியோ, அப்படி. சிலர் பன்றிக்கறி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்கு.

தனியாகப் போகிறாய் என்றால் கெட்டில் சொல்லாதே, அதில் மூன்று பாட்டில் அளவு பிடிக்கும்.

அப்பாவுக்குக் கொண்டுவருவது பற்றி என் துயரக் கதையைக் கேள். ஜொன்ஜுவில் வாங்கிய பாட்டிலைப் பெட்டிக்குள் படுக்கவைத்தேன். உயிருள்ள மக்கொல்லி பாட்டிலுக்குள்ளும் நொதித்துக்கொண்டே இருக்கும். வாயு வெளியேறவேண்டும் என்பதற்காக மூடியை முழுதாக இறுக்குவதில்லை. சியோலில் பெட்டியைத் திறந்தபோது என் நான்கு வெள்ளைச் சட்டைகளும் மனைவியின் பட்டுப்புடவையும் ஒரே மணம். சட்டை துவைத்ததும் சரியாகிவிட்டது. புடவை இன்றுவரை பேச்சில் இருக்கிறது.

ஆகவே அதை அங்கேயே குடி. பாட்டிலில் தேதி இருக்கும். சியோலில் எங்கும் கிடைக்கும் வகைக்குப் பத்து நாள்தான் ஆயுள். இரண்டு நாள் ஆனதையும் எட்டு நாள் ஆனதையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். முதல் நாள் இட்லி மாவும் நான்காம் நாள் தோசை மாவும் ஒன்றா?

நொதியியல் மாணவி:

பெரியவர் மாவைச் சொன்னது பொருத்தம். கொஞ்சம் உள்ளே போகிறேன்.

கள்ளில் சர்க்கரை ஏற்கெனவே பாளைச் சாற்றில் இருக்கிறது. ஈஸ்ட் வந்து விழுந்தால் போதும். அரிசியில் இருப்பது மாவுச்சத்து, அதை முதலில் சர்க்கரையாக்க வேண்டும். நுருக் அதற்குத்தான். கொரகொரப்பாக உடைத்த கோதுமையை ஈரமாக்கி, வட்டாக அழுத்தி, வெதுவெதுப்பான அறையில் வாரக்கணக்கில் விடுவார்கள். காற்றிலிருக்கும் பூஞ்சையும் ஈஸ்டும் அதில் குடியேறும். பூஞ்சை மாவைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் அதை மதுவாக்க, இரண்டு வேலையும் ஒரே பானையில் ஒரே நேரத்தில் நடக்கும். புசானில் கும்ஜொங் மலைக்கோட்டை ஊரில் இன்றும் பெண்கள் துணியில் சுற்றி, காலால் மிதித்து நுருக் செய்கிறார்கள். ஓரம் தடித்த ஊத்தப்பம் போல இருக்கும்.

நமக்கும் இது புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் களியைத் தட்டில் ஆற்றி, முளைகட்டிய தானிய மாவைப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலசி வடிக்கும் நறும்பிழி வருகிறது. நொதிக்கவைக்கும் பொருள்தான் வேறு.

கொரியப் பானை தெளிந்தபின் மேலே நிற்பது யக்ஜு. அடியோடு கலக்கித் தண்ணீர் விட்டு வடித்தால் மக்கொல்லி. தெளிவைக் காய்ச்சி இறக்கினால் உண்மையான சோஜு. காய்ச்சும் வித்தை 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியரோடு வந்தது. ஆந்தொங் ஊர்ச் சோஜு 45 சதவீதம், பச்சை பாட்டிலோ 16, 17.

உங்கள் பொறியாளர் ஆலையில் கலக்கியது என்றாரே, அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1909-இல் ஜப்பானியப் பிடியில் மது வரிச் சட்டம் வந்தது. வீடுதோறும் வடித்த பழக்கம் படிப்படியாக அழிந்தது. 1965-இல் அரிசித் தட்டுப்பாட்டால் மது வடிக்க அரிசியைப் பயன்படுத்தத் தடை. சோஜு மரவள்ளி, சர்க்கரைவள்ளி போன்றவற்றின் எரிசாராயத்தில் தண்ணீரும் இனிப்பும் கலந்ததாக மாறியது; மக்கொல்லி கோதுமை மாவுக்குப் போனது. முழுமையாக அரிசிக்குத் திரும்ப 1990 ஆயிற்று. வீட்டில் தமக்கென வடிக்க 1995-இல்தான் மீண்டும் அனுமதி. பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகவேண்டிய கைப்பக்குவம் இடையில் அறுந்துவிட்டது. இப்போது இளைஞர்கள் அதைத் தேடிப்பிடித்துச் சிறு வடிசாலைகள் நடத்துகிறார்கள். சியோல் புக்சோனில் பாரம்பரிய மதுவுக்கென ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. முன்பதிவு செய்தால் சில வகைகளைச் சுவைக்கத் தருவார்கள். முதல் நாளே அங்கே போங்கள்.

மலிவான மக்கொல்லியில் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு சேர்ப்பது சகஜம். முகப்புச் சீட்டைப் பாருங்கள்.

கிண்டி நண்பர்:

எல்லோரும் பச்சை பாட்டிலைத் திட்டுகிறீர்கள். அந்த நாட்டுத் தொழிலாளி மாலையில் குடிப்பது அதைத்தான். பாட்டி காலத்து மது பணக்காரர் பொழுதுபோக்காகிவிட்டது என்று அங்கேயே முணுமுணுப்பவர்கள் உண்டு. இரண்டையும் குடித்துவிட்டு வந்து பேசுங்கள்.

மூத்தவர் ஊற்றினால் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடியுங்கள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் குடியுங்கள். உங்கள் கிண்ணத்தை நீங்களே நிரப்பாதீர்கள். திரும்பி வந்ததும் ஆர்வக்கோளாறில் வீட்டில் வடிக்க இறங்காதீர்கள். இங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, பானையோடு அழைத்துப் போவார்கள்.

வேளச்சேரி வாசி:

போய் வந்துவிட்டேன். மூவருக்கும் நன்றி.

ஜொன்ஜுவில் பெரியவர் சொல் கேட்டுத் தனியே ஒரு சிறு பாட்டிலோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் மலையேறிவிட்டு வந்த மூன்று முதியவர்கள், தலையில் தொப்பி, காலில் சேறு. என் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு என்னைத் தங்கள் மேசைக்கு இழுத்துக்கொண்டார்கள். மூத்தவர் ஊற்றினார். மரியாதை காட்டுகிறேன் என்று நான் முகத்தை அதிகமாகவே திருப்பிவிட்டேன். பாதிக் கிண்ணம் பின்னால் போன பரிமாறும் பையனின் முழங்கையில் கொட்டியது. அவர்கள் சிரித்த சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

தேதிச் சோதனையும் செய்தேன். இரண்டு நாள் பாட்டில் குழந்தைக்குக் கொடுக்கலாம் போல இனித்தது. எட்டு நாள் பாட்டிலைத் திறந்தபோது நுரை மேசைக்கு வந்தது. எனக்குப் பிடித்தது எட்டுதான்.

ஹன்சான் ஊரின் சோகொக்ஜுவையும் தேடிப்பிடித்தேன். நூறு நாள் விளையவிடுகிறார்கள். தேர்வு எழுதக் கிளம்பிய ஒருவர் வழியில் இதைக் குடித்து, எழுந்திருக்க முடியாமல் தேர்வையே கோட்டைவிட்டதாகக் கதை. உட்காரவைக்கும் மது என்றே பட்டப்பெயர். தெளிந்த பொன்னிறம், நன்றாக இறுகிய மூடி. சுங்கத்தில் இரண்டு லிட்டர் வரை வரியில்லை என்பதால் அப்பாவுக்கு அதையே வாங்கிப் பெட்டியில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்தேன்.

அப்பா கண்ணாடி டம்ளரில் ஊற்றி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து அடியை உற்றுப் பார்த்துவிட்டு, "வண்டலை அங்கேயே விட்டுவிட்டாயா?" என்று கேட்டார்.